சேப்பாக்கத்தில் ஒரு ரன், பாகியோவில் ஒரு பட்டம்

சென்னை ஆடிய ஆண்டுகள் – 14

மெட்ராஸ்காரர்களிடம் மறக்க முடியாத விளையாட்டு வருஷம் எது என்று கேட்டால் பாதிப் பேர் எண்பத்தாறு என்பார்கள். போன வாரம் நாம் பார்த்த 'டை' டெஸ்ட் அப்படிப்பட்டது. செப்டம்பர் வெயிலில் வாந்தி எடுத்தபடியே டீன் ஜோன்ஸ் அடித்த 210 ரன்னையும், கடைசியில் மணீந்தர் சிங்குக்கு எதிராக நடுவர் விக்ரம்ராஜு தூக்கிய விரலையும் யார் மறப்பார்கள்? ஆனாலும் என் ஓட்டு எண்பத்தேழுக்குத்தான்.

அந்த ஒரே வருஷத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் முதல் தடவையாக இந்த ஊருக்கு வந்தது. இந்த ஊரில் ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்கள். கஸ்தூரி ரங்கா ரோட்டில் ஓர் அறையில் செஸ் ஆடி வளர்ந்த பதினேழு வயதுப் பையன் ஜூனியர் உலக சாம்பியன் ஆனார். இவற்றில் ஊர் எதைப் பேசித் தீர்த்தது, எதைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. அன்று அதிகம் கண்டுகொள்ளப்படாததுதான் பிற்பாடு இந்த ஊரை மாற்றியது.

வருஷம் ஸ்ரீகாந்தின் மட்டையில் தொடங்கியது. பிப்ரவரி முதல் வாரம் இம்ரான் கானின் பாகிஸ்தான் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடியது. அவர்கள் 487 எடுத்து டிக்ளேர் செய்தார்கள்; இம்ரான் மட்டும் ஆட்டமிழக்காமல் 135. பதிலுக்கு நம்மவர் 123. ஸ்ரீகாந்தின் டெஸ்ட் வாழ்க்கையிலேயே அதிகபட்ச ஸ்கோர் அதுதான். மயிலாப்பூர் வித்யா மந்திரில் படித்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். டெஸ்ட் என்றால் பொறுமை, தடுப்பாட்டம் என்று பாடம் கேட்டு வளர்ந்த ஊரில், முதல் ஓவரிலேயே பந்தைத் தூக்கி அடிக்கலாம் என்று காட்டியவர். மாம்பலம் சோமசுந்தரம் மைதானத்திலும் மெரினா மணலிலும் பையன்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சூரியனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் இடையில் ஸ்கொயர் லெக் பக்கம் நடந்துபோய் வந்து ஸ்டான்ஸ் எடுத்த காலம் அது. மேட்ச் என்னவோ டிராதான். அந்த ஆடுகளத்தில் பந்துவீச்சாளர்களுக்கு ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்துக்கு வெளியே நடந்த முதல் உலகக் கோப்பையில், நடப்புச் சாம்பியனான இந்தியாவின் முதல் ஆட்டம். எதிரணி ஆஸ்திரேலியா. சேப்பாக்கத்தில் ஒரு நாள் சர்வதேசப் போட்டி நடப்பதே அதுதான் முதல் தடவை. வெள்ளை உடை, சிவப்புப் பந்து, காலை வெயிலில் ஆரம்பம். முந்தைய மூன்று உலகக் கோப்பைகளும் 60 ஓவர். இந்தத் தடவை 50.

ஆஸ்திரேலியா முதலில் ஆடியது. ஜெஃப் மார்ஷ் நிதானமாக 110 எடுத்தார். டீன் ஜோன்ஸ் மணீந்தரின் பந்து ஒன்றைத் தூக்கி அடித்தார். எல்லைக்கோட்டுக்கு முன்னால் விழுந்ததா, தாண்டி விழுந்ததா? நடுவர் நான்கு என்று கை காட்டினார். ஆஸ்திரேலியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னிங்ஸ் முடிந்தபோது பலகையில் 268. இடைவேளையில் அவர்களுடைய மேனேஜர் விஷயத்தைக் கிளப்பினார். நான்கை ஆறாக மாற்றிக்கொள்ள கபில்தேவ் சம்மதித்தார். 268 என்பது 270 ஆனது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தியாவின் ஆட்டம் அமர்க்களமாகத் தொடங்கியது. கவாஸ்கர் 37, ஸ்ரீகாந்த் 70. மூன்றாவதாக வந்தவர் அன்றுதான் முதல் ஒரு நாள் போட்டி ஆடிய நவ்ஜோத் சிங் சித்து. டெஸ்ட்டில் மந்தமாக ஆடுகிறார் என்று பெயர் வாங்கி, நாலு வருஷம் அணிக்கு வெளியே இருந்துவிட்டு வந்தவர். ஐந்து சிக்ஸரோடு 73 அடித்தார். 2 விக்கெட்டுக்கு 207. எட்டு விக்கெட் கையில் வைத்துக்கொண்டு இன்னும் 64 ரன். கேலரியில் இருந்தவர்கள் கணக்குப் போடுவதை நிறுத்தியிருப்பார்கள். அங்கேதான் கிரேக் மெக்டர்மட் திரும்பப் பந்து வீச வந்தார். சித்துவும் வெங்சர்க்காரும் அசாருதீனும் சாஸ்திரியும் அவருக்கே போனார்கள். நடுவில் கபில் 6 ரன்னில் அவுட். பின்னால் இரண்டு ரன் அவுட்.

கடைசி ஓவர். பந்து ஸ்டீவ் வாவின் கையில். இந்தியாவுக்கு 6 ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். மட்டையைப் பிடித்து நின்றது மணீந்தர் சிங். ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில், இதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, இதேபோல் கடைசி ஆளாக நின்று எல்.பி.டபிள்யூ ஆனவர்! அவர் தயங்கவில்லை. இரண்டு இரண்டாக நான்கு ரன் ஓடினார். இரண்டு பந்து மிச்சம், ஜெயிக்க இரண்டு ரன், சமன் செய்ய ஒன்று. ஐந்தாவது பந்தில் ஸ்டம்ப் போயிற்று. இந்தியா 269. ஒரே ஒரு ரன்னில் தோல்வி.

நான்கு நான்காகவே நின்றிருந்தால் 269 என்பது வெற்றிக் கணக்கு. கபில் அன்று செய்தது சரியா என்று மயிலாப்பூர் டீக்கடைகளிலும் தி.நகர் சலூன்களிலும் நடந்த வாக்குவாதம் தீபாவளிவரை ஓயவில்லை. "பெருந்தன்மையை டெஸ்ட் மேட்ச்சில் காட்டக் கூடாதா? உலகக் கோப்பையிலா காட்டுவது?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. பந்து கோட்டுக்கு அப்பால் விழுந்திருந்தால் அது ஆறுதான். தெரிந்த பிறகும் நான்கு என்று சாதிப்பதில் என்ன கௌரவம்? அதே கோப்பையில் ஒரு வாரம் கழித்து லாகூரில் கோர்ட்னி வால்ஷ், பந்து வீசுமுன்பே கிரீஸை விட்டு நகர்ந்துவிட்ட பாகிஸ்தானின் கடைசி ஆட்டக்காரரை ரன் அவுட் செய்யாமல் எச்சரித்து விட்டார். மேற்கிந்தியத் தீவுகள் அந்த மேட்ச்சைத் தோற்று, அரையிறுதிக்கே வராமல் போனது. நாம் அரையிறுதிவரை போய் பம்பாயில் இங்கிலாந்திடம் விழுந்தோம். சேப்பாக்கத்தில் ஒரு ரன்னில் தப்பித்த ஆஸ்திரேலியா, நவம்பர் 8 அன்று ஈடன் கார்டனில் முதல் உலகக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த இருபது வருஷம் கிரிக்கெட்டை ஆண்ட அணி எங்கே தலையெடுத்தது என்று கேட்டால் நான் சேப்பாக்கத்தின் அந்த ஐந்தாவது பந்தைத்தான் காட்டுவேன்.

இதெல்லாம் ஊரே பேசியது. அதே அக்டோபரின் முதல் வாரத்தில், அதே ஆஸ்திரேலியாவை அவர்கள் நாட்டிலேயே வைத்து மெட்ராஸ்காரர்கள் தோற்கடித்தது கிரிக்கெட் சத்தத்தில் அமுங்கிப்போனது.

சிட்னியில் டேவிஸ் கோப்பை அரையிறுதி. 3–2 என்று இந்தியா வென்றது. ரமேஷ் கிருஷ்ணன் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டையும் வாலி மஸூரையும் அவர்கள் பழகிய புல்தரையிலேயே வீழ்த்தினார். அதற்குச் சில வாரம் முன்னால் அமெரிக்க ஓபனில் கால் இறுதிவரை போயிருந்தார்.

ரமேஷின் ஆட்டத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய சர்வீஸில் வேகமே இருக்காது. மெதுவாக வரும் அந்தப் பந்தைப் பார்த்து எதிராளி உற்சாகமாக ஓங்கி அடிப்பார். அங்கேதான் ரமேஷின் வேலை தொடங்கும். பந்து எழும்பி முடிப்பதற்குள் அதன் முன்னால் போய் நின்று, எதிராளி கொடுத்த வேகத்தையே கடன் வாங்கி, கோட்டோரமாகத் தள்ளிவிடுவார். புல்தரையில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும் என்பதால், தொட்டு ஆடுகிறவருக்கு அங்கே மரியாதை உண்டு. இந்த வித்தை குடும்பச் சொத்து. தாத்தா டி.கே.ராமநாதன் தன் மகன் ராமநாதன் கிருஷ்ணனுக்குக் கற்றுக்கொடுத்தார். பேரனுக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். அப்பா 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன், பிள்ளை 1979-ல். 1966-ல் இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனபோது அணியின் தூண் அப்பா. இருபத்தோரு வருஷம் கழித்துப் பிள்ளை.

ஆனால் சிட்னிக்குப் போக வழி திறந்தவர் விஜய் அமிர்தராஜ். மார்ச்சில் டெல்லியில் அர்ஜென்டினாவுக்கு எதிரான முதல் சுற்று. இந்தியா 1–2 என்று பின்தங்கியிருந்தது. முப்பத்து மூன்று வயது விஜய், மார்டின் ஹைட்டேயிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்தார். நாலாவது செட்டில் மேட்ச் பாயின்ட்டே வந்துவிட்டது. அப்போது டேவிஸ் கோப்பையில் டை-பிரேக்கர் கிடையாது. ஒருவர் இரண்டு கேம் முன்னால் போகும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வயதில், அந்த நிலையிலிருந்து, ஐந்து செட்டில் வென்றார். கடைசி ஆட்டத்தை ரமேஷ் முடித்துவைத்தார். 1974-ல் இதே விஜய் இருந்த அணி இறுதிச் சுற்றை எட்டியும், நிறவெறி அரசு ஆண்ட தென்னாப்பிரிக்காவுடன் ஆட மாட்டோம் என்று கோப்பையை விட்டுக்கொடுத்தது. இந்தியா சரியாகவே செய்தது. ஆனாலும் ஒரு விளையாட்டு வீரனுக்கு, ஆடாமலே இழந்த கோப்பையை இன்னொரு தடவை எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு பதின்மூன்று வருஷம் கழித்துக் கிடைக்கிறது என்றால் அது எப்படி இருந்திருக்கும்!

டிசம்பர் 18-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் இறுதிச் சுற்று. ஸ்வீடன்காரர்கள் உள்ளரங்கத்தில் களிமண் தரை போட்டுக் காத்திருந்தார்கள். சொந்த மண்ணில் ஆடுகிறவர் தரையைத் தேர்ந்தெடுக்கலாம். டெல்லியில் நாம் புல்லைத் தேர்ந்தெடுத்த மாதிரி அவர்கள் இதைச் செய்தார்கள். களிமண்ணில் பந்து வேகம் குறைந்து தோள் உயரம் எழும்பும். தொட்டு ஆடுகிறவரின் ஆயுதம் அங்கே எடுபடாது. மாட்ஸ் விலாண்டர் போன்றவர்கள் அந்தத் தரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 5–0. டிசம்பர் 20-ல் எல்லாம் முடிந்தது.

நாலு நாள் கழித்து எம்.ஜி.ஆர். மறைந்தார். ஊர் ஸ்தம்பித்தது. 1987 டிசம்பர் என்று சொன்னால் சென்னையில் வயதானவர்களுக்கு ராஜாஜி மண்டபமும் அந்த இறுதி ஊர்வலமும்தான் கண்முன் வரும். டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றில் ஆடியவர்கள் ஊர் திரும்பியதைப் பற்றி யாரும் பேச நினைக்காததற்கு அந்தத் துக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, மூன்றாவது சங்கதி. என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் மிகப் பெரிய சங்கதி அதுதான். நடந்த இடம் பிலிப்பைன்ஸ் நாட்டின் பாகியோ என்ற மலை ஊர்.

செஸ் தெரிந்தவர்களுக்கு பாகியோ பழகிய பெயர். 1978-ல் கார்ப்போவும் கார்ச்னாயும் உலகப் பட்டத்துக்கு மோதியது அங்கேதான். அந்த மோதலால் பிலிப்பைன்ஸ் முழுக்க செஸ் ஜுரம் பிடித்தது. தொலைக்காட்சியில் தினமும் பகலில் செஸ் நிகழ்ச்சி. ரயில்வே அதிகாரியான விஸ்வநாதன் வேலை நிமித்தம் அப்போது குடும்பத்தோடு மணிலாவில் இருந்தார். பையன் ஆனந்த் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் நிகழ்ச்சி வரும். அம்மா சுசீலா டி.வி. முன்னால் உட்கார்ந்து, காட்டப்படும் ஆட்டங்களையும் கடைசியில் கொடுக்கும் புதிரையும் காகிதத்தில் எழுதி வைப்பார். சாயங்காலம் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து விடுவிப்பார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு செஸ் புத்தகம். பரிசு அடிக்கடி ஒரே முகவரிக்குப் போகவே, "வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்கள். இதை ஆனந்தே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்ததும் அம்மாதான். மெட்ராஸில் அந்த ஆர்வத்துக்கு ஒரு வீடு கிடைத்தது. சோவியத் கலாசார மையத்தில் நடந்த தால் செஸ் கிளப். ரீகாவில் பிறந்த முன்னாள் உலக சாம்பியன் மிகயீல் தாலின் பெயரில், இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரன் 1972-ல் தொடங்கியது. பலகை, கடிகாரம், ரஷ்யப் புத்தகம் எல்லாம் அங்கே உண்டு. நம் ஊரில் வேறெங்கும் அவற்றைப் பார்ப்பது அரிது.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு முகம். ஆளுக்கு ஐந்து நிமிஷம். நீங்கள் காய் நகர்த்தி மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் உங்கள் முள் நிற்கும், எதிராளியின் முள் ஓடும். பெரிய முள் பன்னிரண்டை நெருங்கும்போது முகப்பில் தொங்கும் சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டே போகும். முள் தாண்டியதும் கொடி சட்டென்று விழும். விழுந்தால் ஆள் தோற்றார். ராஜா பத்திரமாக இருந்தாலும் தோற்றார்தான். தால் கிளப்பில் வழக்கம் இது: ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வரிசை நீளமாக இருக்கும். ஒரு தடவை தோற்றால் திரும்ப ஆட வெகு நேரம் காத்திருக்க வேண்டும். தொடர்ந்து ஆட ஆசைப்படுகிற சின்னப் பையன் என்ன செய்வான்? தோற்காமல் இருக்கக் கற்றுக்கொள்வான், அதுவும் வேகமாக. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாலு காய் தள்ளி யோசித்துவிட்டு, தன் முறை வந்ததும் கை தானாக நகரும். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பிறகு ஆனந்துக்கு 'மின்னல் பையன்' என்று பட்டம் கொடுத்தன. அந்த மின்னலுக்குக் காரணம் வரிசையில் நிற்கப் பிடிக்காததுதான்.

பதினாறாவது வயதில் தேசிய சாம்பியன். அடுத்த வருஷம், 1987-ன் நடுவில், உலக ஜூனியர் சாம்பியன்ஷிப். ஆடும் இடம் பாகியோ! அம்மா காகிதத்தில் புதிர் எழுதி வைத்ததற்குக் காரணமான அதே ஊர். ஆனந்த் அங்கே பட்டம் வென்றார். இந்தியர் ஒருவர் அந்தப் பட்டத்தை வெல்வது அதுவே முதல் தடவை. அப்போது இந்தியாவில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூடக் கிடையாது. சோவியத் யூனியனில் அரசாங்கமே பள்ளிக்கூடம் வைத்துப் பையன்களைத் தயார் செய்தது. நம் பையனுக்கு இருந்தது ஓர் அம்மாவும் ஒரு கிளப்பும். எழும்பூர் டான் பாஸ்கோவில் படித்து லயோலா போனவர். விஜய் அமிர்தராஜும் அப்படியே. கோயம்புத்தூரில் சக்தி ஃபைனான்ஸ் நடத்திய சர்வதேசப் போட்டியை வென்று 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

அன்றைய பத்திரிகைகள் இதை எழுதாமல் இல்லை. பாராட்டும் விருந்தும் நடக்காமலும் இல்லை. ஆனால் தெருவில் அது பேச்சாகவில்லை. சோமசுந்தரம் மைதானத்தில் ஸ்ரீகாந்த் மாதிரி மூக்கை உறிஞ்சிய பையனுக்கு பாகியோ எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இன்று நிலைமை தலைகீழ். தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு மாடியில் செஸ் வகுப்புப் பலகை தொங்குகிறது. 2013-ல் உலகப் பட்டத்துக்கு கார்ல்சனோடு ஆனந்த் மோதியது தேனாம்பேட்டையில் ஒரு ஹோட்டலில். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட். 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன். இவர்கள் எல்லோரும் அந்த இரட்டைமுகக் கடிகாரத்தின் வாரிசுகள்.

டென்னிஸ்? 1987-க்குப் பிறகு இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குப் போகவேயில்லை. அன்று சென்னையில் பயிற்சிக்கு ஆள் இருந்தது, இடமும் இருந்தது. பிரிட்டானியா–அமிர்தராஜ் அகாடமியில் கல்கத்தாவிலிருந்து வந்து தங்கிப் பயின்ற லியாண்டர் பயஸ் என்ற பையனுக்கு அந்த வருஷம் வயது பதினாலு. நுங்கம்பாக்கத்தில் இருபது வருஷம் நடந்த சென்னை ஓபன் போட்டி பிறகு புனேவுக்குப் போய்விட்டது. செஸ்ஸுக்கு ஒரு மேஜை போதும். டென்னிஸுக்கு மனை வேண்டும். சென்னையில் மனை என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். வீட்டோடு கோர்ட் வைத்துத் தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பது இனி இந்த ஊரில் நடக்கிற காரியமா? எனக்கு இது தீராத வருத்தம். ரமேஷ் மாதிரி பந்தைத் தொடுகிற ஒரு கை இங்கே இன்னொரு தடவை உருவாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பள்ளி மைதானங்களில் நாலு கோர்ட்டாவது விட்டுவைத்தால் நடக்கக்கூடியதுதான்.

அடுத்த வாரம் 1988. பொங்கல் நேரத்தில் விவியன் ரிச்சர்ட்ஸின் மேற்கிந்தியத் தீவுகள் அணி சேப்பாக்கத்தில் இறங்குகிறது. தமிழ்நாட்டின் டபிள்யூ.வி.ராமனுக்கு அது முதல் டெஸ்ட். கண்ணாடி போட்ட பத்தொன்பது வயது லெக் ஸ்பின்னர் ஒருவருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். அவர் ஒரே மேட்ச்சில் பதினாறு விக்கெட் எடுக்கப்போகிறார். அதற்கு அடுத்து வாசுதேவன் தலைமையில் ரஞ்சிக் கோப்பை, முப்பத்து மூன்று வருஷக் காத்திருப்புக்குப் பிறகு.

(தொடரும்)